ஊசியைப் பிள்ளையின் கையில் கொடுக்கும்போது: கொழும்புப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு முதலாம் வகை நீரிழிவு என்று சொன்னபோது அவளுக்கு வயது 12. இப்போது 16 நடக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து தனியாக பஸ் ஏறி ரியூசனுக்குப் போய் வருகிறாள். இன்சுலின் ஊசியைத் தானே போடுகிறாள். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு நான் பின்னால் போவதில்லை. இந்த இடத்துக்கு வர எங்களுக்கு நான்கு வருடம் பிடித்தது. யாராவது ஒழுங்காகச் சொல்லித் தந்திருந்தால் பாதிக் காலம் போதும். ஊசி எப்படிப் போடுவது என்று ஆஸ்பத்திரியில் நன்றாகவே காட்டினார்கள். அதை எப்போது அவளிடம் விடுவது, சினேகிதிகளுக்கு என்ன சொல்வது என்பதை நாங்கள் விழுந்து எழும்பித்தான் படித்தோம்.

இது டொக்டர் எழுதும் கட்டுரை இல்லை. மருந்தின் அளவும் சாப்பாட்டின் அளவும் உங்கள் கிளினிக் சொல்வதுதான். நான் எழுதுவது கடிதம், அட்டை, பஸ், காசு, சினேகிதம் பற்றி. ஆஸ்துமா, வலிப்பு, தலசீமியா என்று வேறு வருத்தமுள்ள பிள்ளைகளுக்கும் வழி ஏறக்குறைய இதுதான். பையில் இருக்கும் பொருளும் அட்டையில் எழுதும் முதலுதவியும் மாறும்.

1. யார் எதைச் செய்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள்

"இனி நீதான் பொறுப்பு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். ஒரு தாளில் வேலைகளைத் தனித்தனியாக எழுதுங்கள். விரலில் குத்தி இரத்தத்தில் சீனியைப் பார்ப்பது, எண்ணைக் கொப்பியில் எழுதுவது, மருந்தை அளந்து எடுப்பது, போடுவது, போடும் இடத்தை மாற்றுவது, சீனி பார்க்க மீற்றரில் போடும் ஸ்ட்ரிப் முடியப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வது, பாவித்த ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்ப்பது, கிளினிக் திகதியை ஞாபகம் வைப்பது. எங்கள் தாளில் 19 வேலை வந்தது. அதில் 16க்குப் பக்கத்தில் 'அம்மா' என்று இருந்தது. அப்போது அவளுக்குப் பதின்மூன்றரை வயது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மாதத்துக்கு ஒரு வேலையாகக் கொடுங்கள். முதல் வாரம் அவள் செய்ய நீங்கள் பார்த்திருங்கள். இரண்டாம் வாரம் அதே அறையில் வேறு வேலை பாருங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து இரவில் ஒரு தடவை கேட்டால் போதும். தொடங்குவதற்கு நல்ல நேரம் தவணை விடுமுறை. பரீட்சைத் தவணையில் புது வேலை ஒன்றும் கொடுக்காதீர்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. நான் அதில் நன்றாக விழுந்தேன். 14 வயதில் அவள் எல்லாவற்றையும் தானே செய்கிறாள் என்ற சந்தோஷத்தில் நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். கொப்பியில் எண்கள் அழகாக இருந்தன: 120, 135, 140. எல்லாம் ஒரே நீலப் பேனையால் எழுதியவை. அப்புறம் இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை செய்தார்கள். 7க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 11இல் நின்றது. குளுக்கோமீற்றரின் மெமரியைப் பார்த்தால் மூன்று வாரமாகப் பகலில் ஒரு தடவைகூடக் குத்திப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட இடைவேளையில் போட வேண்டிய ஊசியும் போடவில்லை. கழிவறையில் ஊசியோடு நின்றதைக் கண்ட ஒரு பிள்ளை, "என்ன, தூள் ஊசியா?" என்று, போதைமருந்து என்ற அர்த்தத்தில் கேட்டிருக்கிறாள். அதோடு சரி.

நான் வீட்டில் கத்தினேன். அடுத்த தடவை கிளினிக்கில் இருந்த நேர்ஸ் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "எண்ணுக்குத் திட்டினால் அடுத்த எண் பொய்யாகத்தான் வரும்." அன்றிலிருந்து வீட்டில் ஒரு ஒப்பந்தம். ஞாயிறு பின்னேரம் பத்து நிமிடம் இரண்டு பேரும் சேர்ந்து மெமரியைப் பார்ப்போம். 290 இருந்தால் "அன்றைக்கு என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்பேன். மற்ற நாட்களில் அந்தப் பேச்சே இல்லை. முதல் இரண்டு ஞாயிறும் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

2. ஒரு கோப்பு, ஒரு அட்டை

கோப்பில் இருக்க வேண்டியவை: கிளினிக் கொப்பியின் பிரதி, முதல் தடவை வார்டில் வைத்தபோது தந்த டயக்னோசிஸ் கார்ட், கடைசி இரண்டு இரத்தப் பரிசோதனை, பிறப்புச் சான்றிதழின் பிரதி, டொக்டரின் கடிதம். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைப் பிள்ளையிடமே கொடுங்கள். தன் கோப்பு தன்னிடம் இருக்கும்போதுதான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தோன்றும்.

அட்டை அதைவிட முக்கியம். பேர்ஸில் வைக்கிற அளவில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள்: எனக்கு முதலாம் வகை நீரிழிவு, நான் தடுமாறினால் சீனி அல்லது குளுக்கோஸ் தரவும், மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் போடாமல் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கவும். கீழே இரண்டு தொலைபேசி எண்கள், கிளினிக் இலக்கம். பக்கத்துக் கொமினிகேஷன் கடையில் அச்சடித்து லமினேற் பண்ணலாம், பெரிய செலவில்லை. சிங்களத்தைப் போனில் மொழிபெயர்த்து அப்படியே அச்சடிக்காதீர்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ புதிதாக வந்த பிள்ளை என்றால் மூன்று சிங்கள வசனத்தை வாயில் வரும்வரை சொல்லிப் பழக்குங்கள். "மட தியவெடியாவ தியனவா" என்றால் எனக்கு நீரிழிவு இருக்கிறது. "சீனி அடு வெலா" என்றால் சீனி குறைந்துவிட்டது. "சீனி டிக்கக் தென்ன" என்றால் கொஞ்சம் சீனி தாருங்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு இவ்வளவு விளங்கினால் போதும்.

15 வயதில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதிபர் ஊடாகப் போகும். ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில்தான் படம் எடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். தனியாகக் கிளினிக் போகத் தொடங்கும் வயதில் அடையாள அட்டை கையில் இருப்பது நல்லது.

3. பாடசாலைக்குக் கடிதம்

டொக்டரிடம் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தருவார். அது அதிபரின் கோப்புக்குள் போய்விடும். வகுப்பு ரீச்சருக்கு வேறாகத் தமிழில் ஒரு பக்கம் நீங்களே எழுதுங்கள். அதில் ஐந்து அனுமதி கேளுங்கள்: குளுக்கோஸும் மீற்றரும் பிள்ளையின் பையிலேயே, அவள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சீனி இறங்கினால் பாட நேரத்திலும் சாப்பிடலாம். கேட்டதும் கழிவறைக்குப் போகலாம். தடுமாறும்போது சிக் ரூமுக்குத் தனியாக அனுப்பக் கூடாது. விளையாட்டிலிருந்தும் சுற்றுலாவிலிருந்தும் விலக்கக் கூடாது.

கடைசி அனுமதியை அழுத்திக் கேளுங்கள். "பாவம், வருத்தக்காரப் பிள்ளை, வெயிலில் நிற்க வேண்டாம்" என்று இரக்கத்தோடு நெட்போல் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். விளையாட்டு சீனியை இறக்கும், உண்மைதான். அதற்கு முன்னால் குத்திப் பார்த்து, தேவை என்றால் எதையாவது சாப்பிட்டுவிட்டு விளையாடலாம். அன்றிரவு படுக்க முன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும், விளையாடிய நாளில் இரவிலும் இறங்கலாம்.

கொடுக்கும் கடிதத்தின் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். வகுப்பேறும் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொடுக்க வேண்டும், ரீச்சர் மாறுவார். ரியூசன் சேர்களை மறந்துவிடாதீர்கள். ஒரு ரியூசன் வகுப்பில் பைகளை எல்லாம் வாசலில் வைக்கச் சொன்னார்கள். எழும்பிக் கேட்க வெட்கப்பட்டு, கை நடுங்க நடுங்க முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு வந்தாள் மகள். இப்போது குளுக்கோஸ் பைக்குள் இல்லை, சட்டைப்பையில்.

சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரும்போதே, பரீட்சை மண்டபத்துக்குள் மீற்றரும் குளுக்கோஸும் கொண்டுபோக அனுமதி கேட்டு, டொக்டரின் கடிதத்தோடு அதிபர் ஊடாக எழுதுங்கள். பரீட்சைக்கு முதல் வாரம் ஓடித் திரிந்து பயனில்லை.

4. இரண்டு சினேகிதிகளுக்குச் சொல்லிக் கொடுப்பது

இந்தக் கட்டுரையை நான் எழுதியதே இந்தப் பகுதிக்காகத்தான்.

முதல் இரண்டு வருடம் நாங்கள் வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மாமி சொன்னார்: "பொம்பிளைப் பிள்ளை. சீனி வருத்தம் என்று தெரிந்தால் நாளைக்கு ஆர் கட்டுவான்?" எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மறைத்ததால் என்ன நடந்தது? பிறந்தநாளுக்குப் போவதில்லை. இடைவேளையில் யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லை, ஏனென்றால் ஊசியை ஒளித்துப் போட வேண்டும். 13 வயதில் அவளுக்கு ஒரு சினேகிதியும் இல்லை. என்றைக்கோ வரப்போகும் மாப்பிள்ளைக்காக இன்றைக்கு இருக்க வேண்டிய சினேகிதிகளை நாங்கள் இல்லாமல் ஆக்கினோம்.

ஊர் முழுக்கச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பேருக்குச் சொன்னால் போதும். ஒருத்தி வராத நாளில் மற்றவள் இருப்பாள்.

யார் அந்த இரண்டு பேர் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். நான் முதலில் தெரிவு செய்தது எங்களுக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. நன்றாகப் படிப்பாள், அமைதி. அவள் தன் தாயிடம் சொல்ல, வெள்ளிக்கிழமை கோயிலில் மூன்று பேர் என்னிடம் வந்து துக்கம் விசாரித்தார்கள். மகள் தெரிவு செய்தது கடைசி வாங்கில் இருந்து வாயடிக்கும் ஒருத்தியையும், நெட்போல் விளையாடும் இன்னொருத்தியையும். நானாக இருந்தால் அந்த முதலாமவளை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டேன். ஒரு நாள் மகளின் கை நடுங்கியபோது பாடத்தை நிறுத்தச் சொல்லி எழும்பி நின்று கத்தியவள் அவள்தான்.

இரண்டு பேரையும் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சாப்பாடு கொடுங்கள். விளக்கம் சொல்வது பிள்ளையாக இருக்கட்டும், நீங்கள் குசினியில் இருங்கள். அரை மணி நேரம் போதும். அவர்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்:

கை நடுங்கி, வியர்த்து, காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் சீனி இறங்கியிருக்கலாம். மீற்றரில் 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ். 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு தடவை. மீற்றர் இல்லாவிட்டால் சந்தேகத்திலேயே கொடுக்கலாம். மயங்கினால் வாயில் எதுவும் போடாமல், பக்கவாட்டில் படுக்க வைத்து, பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. இடம் சொல்லும்போது பக்கத்திலுள்ள கோயில், பெரிய கடை, பஸ் ஹோல்ட் என்று சொல்லப் பழக்குங்கள்.

இதில் இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். ஒன்று, அன்பில் சொக்லட் கொடுப்பார்கள். அதிலுள்ள கொழுப்பால் சீனி மெதுவாகத்தான் ஏறும். மற்றது, கடையில் ஓடிப்போய் ஒரு சோடா வாங்கி வருவார்கள். இங்கே சோடாப் போத்தல்களில் சீனி அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறி இருக்கும். பச்சைக் குறி போட்டதைக் குடித்தால் சீனி இறங்கிய நேரத்தில் பயனில்லை. வழக்கமாகத் தவிர்க்கச் சொல்லும் சிவப்புத்தான் அந்த ஒரு நிமிடத்துக்கு நல்லது. பிள்ளைகளுக்கு இது பெரிய பகிடியாக இருந்தது.

வலிப்புள்ள பிள்ளையின் சினேகிதர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: கையில் சாவி, இரும்பு ஒன்றும் திணிக்க வேண்டாம், வாய்க்குள் கரண்டி வைக்க வேண்டாம், பக்கவாட்டில் திருப்பி நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990.

அப்புறம் நான் செய்த இன்னொரு பிழை. அந்த வாயாடிப் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் "இன்றைக்கு அவள் சாப்பிட்டாளா, ஊசி போட்டாளா?" என்று கேட்கத் தொடங்கினேன். ஒரு மாதத்தில் அவள் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. மகள் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. ஆபத்தில் உதவி செய்ய வந்த பிள்ளையை உளவு பார்க்க வைக்காதீர்கள். அவர்கள் கதைப்பதில் முக்கால்வாசி வருத்தத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. உடுப்பு, படம், சேர்மாரைப் பகிடி பண்ணுவது, இவைதான் இருக்க வேண்டும்.

பிறந்தநாள் கேக்கை அவள் சாப்பிடலாம், அதற்குரிய இன்சுலினோடு. "ஐயோ, உனக்குக் கூடாதே" என்று எல்லோர் முன்னாலும் தட்டைப் பறிக்கும் மாமிமாரை நீங்கள் முன்கூட்டியே சமாளிக்க வேண்டும், பிள்ளையால் முடியாது. தெபு இலை, குறிஞ்சா இலை சாப்பிட்டால் ஊசியை விடலாம் என்று சொல்பவர்களையும் நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். முதலாம் வகையில் இன்சுலினை நிறுத்தினால் உயிர் போகும். சத்தி எடுக்கும் நாளிலும் நிறுத்தக் கூடாது. வயிற்றுவலி, வேகமான மூச்சு, வாயில் பழ மணம் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரி. கந்தசஷ்டிக்குச் சினேகிதிகள் எல்லோரும் பிடிக்கிறார்கள் என்று விரதம் கேட்டால், கிளினிக்கில் கேட்காமல் ஓம் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் ஆறு நாளும் மரக்கறியும் கோயிலும் என்று முடித்தோம்.

5. தனியாகப் போவது

படிப்படியாகத்தான். முதல் மாதம் ஒழுங்கை முனைக் கடைக்கு. அடுத்து சினேகிதியோடு 100 அல்லது 101 பஸ்ஸில் பம்பலப்பிட்டிக்கு. அதன்பின் தனியாக. ஏறுமுன் குத்திப் பார்க்க வேண்டும், இது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பில்லை.

பின்னேரம் காலி வீதி நெரிசலில் மூன்று கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம் போகும். பயண நேரத்துக்கு இல்லை, நெரிசல் நேரத்துக்குச் சாப்பாடு கட்டுங்கள். பிஸ்கட் பெட்டி ஒன்று, குளுக்கோஸ், தண்ணீர், மீற்றர், அட்டை.

இன்சுலினுக்கு எதிரி கொழும்பு வெயில். திறக்காத மருந்து பிரிட்ஜில் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் உறைந்துவிடும், உறைந்ததைப் பாவிக்கக் கூடாது. திறந்ததைப் பொதுவாக 28 நாள் வெளியில் வைக்கலாம். போத்தலில் திறந்த திகதியை எழுதுங்கள். வெயிலில் நிறுத்திய ஓட்டோவிலோ வேனிலோ விடக் கூடாது.

போனில் லொகேஷன் பகிர்வதற்கும் ஒரு ஒப்பந்தம் வேண்டும். எங்களுடையது, பயண நேரத்தில் மட்டும். போய்ச் சேர்ந்ததும் அவளே நிறுத்திவிடுவாள்.

6. கிளினிக்கில் அவளே கதைக்கட்டும்

பொரளையில் சிறுவர்களுக்கென்றே சீமாட்டி ரிட்ஜ்வே வைத்தியசாலை இருக்கிறது. வெள்ளவத்தைப் பக்கத்திலிருந்து 154 பஸ் பொரளைக்குப் போகும். தெகிவளைப் பக்கம் என்றால் களுபோவிலை போதனா வைத்தியசாலை கிட்ட. கிளினிக்குகள் குறித்த கிழமைகளில் மட்டும் நடக்கும். போயா நாளோ அரசு விடுமுறையோ உங்கள் திகதியில் வருகிறதா என்று நாட்காட்டியைப் பார்த்து, திகதி தரும்போதே கேளுங்கள். காலையில் வெள்ளென போங்கள். ஐஸ் பொதி வைத்த பை கொண்டுபோங்கள், இன்சுலினை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

டொக்டர் பிள்ளையைக் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். சொல்ல வாய் வரும், தெரியும். முதல் நாள் இரவு அவளே மூன்று கேள்வி எழுதட்டும். கடைசி ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே போங்கள். தாய்க்கு முன்னால் கேட்க முடியாத கேள்விகள் இந்த வயதில் இருக்கும். மெலிவதற்காக ஊசியைத் தவிர்க்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதை அம்மாவிடம் சொல்ல மாட்டார்கள். மனம் உடைந்துபோய்க் கதைக்க ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எண் இருக்கிறது. அதைப் பிள்ளையின் போனில் சேமித்து வையுங்கள்.

கிளினிக் வந்ததற்கு ஒவ்வொரு தடவையும் கடிதம் கேட்டு வாங்கிப் பாடசாலையில் கொடுங்கள். உயர்தரத்தில் 80 சதவீத வரவு கேட்பார்கள். அப்போது தேடிப் பயனில்லை.

காத்திருக்கும் வாங்கில் பக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கவனியுங்கள். எங்களுக்கு அங்கேதான் நீர்கொழும்புப் பிள்ளை ஒருத்தி கிடைத்தாள், இவளைவிட ஒரு வயது கூட. இரண்டு தாய்மாரும் தங்கள் எண்களை மாற்றிக்கொண்டு, பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு விலகிவிட்டோம். ஊசியைச் சட்டைக்கு மேலால் எப்படிப் போடுவது என்பதுபோன்ற, எந்த நேர்ஸும் ஒத்துக்கொள்ளாத விஷயங்களை எல்லாம் அவர்கள் கதைப்பது எனக்குத் தெரியும். தெரியாததுபோல இருக்கிறேன்.

7. செலவு

அரச கிளினிக்கில் பார்ப்பதற்கும் இன்சுலினுக்கும் காசு இல்லை. எங்களுக்குக் காசு போவது ஸ்ட்ரிப்புக்கு. நாளைக்கு நான்கு தடவை பார்த்தால் மாதம் 120. 50 ஸ்ட்ரிப் பெட்டியில் ஏறக்குறைய இரண்டரைப் பெட்டி. மீற்றர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க முன் அதன் ஸ்ட்ரிப் விலையைக் கேளுங்கள். ஒவ்வொரு மீற்றருக்கும் அதனதன் ஸ்ட்ரிப்தான். அரச மருந்துக் கடையான ஒசு சலவிலும் இரண்டு மூன்று பாமசிகளிலும் விலை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்ததிலிருந்து ஒரு மாதத்துக்கானதை வீட்டில் கூடுதலாக வைத்திருக்கிறோம்.

மகளுக்கு 15 ஆனதும் மாத ஸ்ட்ரிப் காசை அவளிடமே கொடுத்தோம். முதல் மாதம் காசு பத்தவில்லை. கொத்துரொட்டியாகப் போயிருந்தது. குறைந்ததைக் கடனாகக் கொடுத்தேன், அடுத்த மாதக் கைச்செலவில் கழித்தேன்.

8. பெரியவர்கள் கிளினிக்குக்கு மாறுதல்

எத்தனை வயதுவரை சிறுவர் கிளினிக்கில் பார்ப்பார்கள் என்று இப்போதே கேளுங்கள். மாற்றும் நாளில் கேட்டால் அவசரத்தில் ஒரு துண்டுத்தான் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு முன்பே கேட்டால் முழு விபரத்தோடு கடிதம் எழுதித் தருவார்கள். அதில் எப்போது கண்டுபிடித்தது, இப்போதைய மருந்தும் அளவும், கடைசி எச்பிஏ1சி, கண்ணும் சிறுநீரகமும் கடைசியாகப் பரிசோதித்த திகதி எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள். பழைய கிளினிக்கில் கடைசித் திகதிக்கும் புதியதில் முதல் திகதிக்கும் இடையில் இன்சுலின் எத்தனை நாளுக்குக் காணும் என்று எண்ணிப் பாருங்கள். காணாது என்றால் கூடுதலாகக் கேளுங்கள். கடிதத்தில் மூன்று பிரதி எடுங்கள். மூலத்தை அவள் கோப்பில் வையுங்கள், உங்களுடையதில் பிரதி போதும்.